பாட்டியிடம் கேட்டால் "அதில் என்ன இருக்கிறது எழுத?" என்கிறார்

பிப்ரவரி 4 (கேள்வி கேட்டவர்)

என் பாட்டிக்கு 79 வயது. சமையல், செடிகள், பழைய உறவுக்காரர்கள் கதை, இந்த மூன்றும்தான் அவருக்கு நாள் முழுக்கப் பொழுதுபோக்கு. இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று நோட்டும் பேனாவுமாக அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். "அதில் என்ன இருக்கிறது எழுத?" என்று சொல்லிவிட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 4, இரவு (பதில் சொன்னவர்; இனி வருபவை எல்லாம் இவர் எழுதியவை)

எதிரே உட்காராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். நோட்டு வேண்டாம், உரிக்க வெங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பாட்டி, அம்மாவின் அம்மா, 81 வயது. நானும் முதல் மாதம் முழுக்கக் கேள்விப் பட்டியல் வைத்துக்கொண்டு பேட்டிதான் எடுத்தேன். "சின்ன வயசு எப்படி இருந்தது?" "நல்லா இருந்தது." "சமையல் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" "யாரிடம்? வீட்டில்தான்." அவ்வளவே. அப்புறம் ஒரு நாள் அவர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தபோது சும்மா கூட உட்கார்ந்து உரித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கூடை பாதி குறைவதற்குள் அவருடைய அக்கா ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார் என்ற கதை முழுதாக வந்துவிட்டது. எங்கள் அம்மாவுக்கே தெரியாத கதை.

கை வேலையில் இருந்தால் கண்ணும் அங்கேதான் இருக்கும். எதிராளி முகத்தைப் பார்த்து உடனே பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி இல்லை. நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் அது சங்கடமாகத் தெரிவதில்லை.

பிப்ரவரி 5

ஒன்று விட்டுவிட்டேன். கைபேசியில் பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, அது பின்னால் தெரிந்தால் அதோடு பேச்சு நின்றுவிடும். நான் முதல் நாளே கேட்டேன். "என் குரல் நல்லாவா இருக்கும்?" என்றார். போட்டுக் காட்டினேன், சிரித்தார். அதன் பிறகு கைபேசி ஒரு பொருட்டாக இல்லை. கைபேசியை மேடைமேல் நேராக வைக்காமல் மடித்த துணியின் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் கத்தி படும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

பிப்ரவரி 9

சமையலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "எவ்வளவு உப்பு?" என்று கேட்டால் "தேவையான அளவு" என்பார்கள், எல்லாருக்கும் தெரிந்த பதில். அவர்கள் மறைப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த அளவு அவர்களிடம் எண்ணாக இல்லவே இல்லை.

நான் செய்தது இது. உப்பு ஜாடியை ஒரு சின்ன டிஜிட்டல் தராசின் மேலேயே வைத்துவிட்டேன். அவர் வழக்கம்போல் எடுத்துப் போடட்டும். முன்னால் இருந்த எடை, பின்னால் இருக்கும் எடை, இரண்டையும் கழித்தால் போட்ட உப்பு. கையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம், ஸ்பூனில் அளந்து போடச் சொல்லவும் வேண்டாம். ஸ்பூன் அளவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தூள் உப்பு ஒரு ஸ்பூனும் கல் உப்பு ஒரு ஸ்பூனும் ஒரே எடை இல்லை. கல் உப்பில் இடைவெளி அதிகம். ஆகவே கிராம்தான் சரி.

ஒரே சட்டி, ஒரே காய்கறிச் சாறு, ஐந்து நாள்: 11, 9, 14, 10, 12 கிராம். சராசரி 11 என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னொன்று வெங்காயம். "பொன்னிறமாகும் வரை வதக்கவும், பத்து நிமிடம்" என்று எழுதுகிறவர்கள் யாரும் கடிகாரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பாட்டி அடுப்பைத் தணித்து வைத்துச் செய்வது நாற்பது நிமிடத்துக்குக் குறையாது. நடுவில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "சத்தம் மாறும்" என்றார். நின்று கேட்டால் உண்மைதான். முதலில் சளசளவென்று ஈரச் சத்தம். அரைமணி போல ஆனதும் அது மெலிந்து, பொரிகிற சத்தமாகிறது. அவர் அப்போதுதான் உள்ளே வருகிறார்.

காரணம் எளிது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கிற வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஈரம் போன பிறகுதான் 140-க்கு மேல் ஏறி, சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து நிறமும் மணமும் வேகமாக உண்டாகின்றன. இந்தச் சேர்க்கையை 1912-இல் விவரித்தவர் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாட்டி காதால் பிடிப்பது சரியாக அந்தத் திருப்பத்தை. நோட்டில் "40 நிமிடம்" என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும். "சத்தம் மாறும் வரை" என்றும் சேர்த்து எழுதுங்கள்.

பிப்ரவரி 11

உப்பு விஷயத்தில் நான் எழுதியது தவறு. சராசரி எடுத்ததே தவறு.

ஒரு வாசகர் கேட்டார்: 14 கிராம் போட்ட நாளில் சாறு கரித்ததா? இல்லை. 9 போட்ட நாளில் சப்பென்று இருந்ததா? அதுவும் இல்லை. அப்படியானால் மாறியது உப்பு மட்டும் இல்லையே என்று நேற்றிலிருந்து சட்டியையும் சேர்த்து எடை போடுகிறேன். நேற்று உள்ளே இருந்தது 1,150 கிராம், உப்பு 11. இன்று 920, உப்பு 9. அதாவது நூற்றுக்கு ஒன்று, கிட்டத்தட்ட. காய் அதிகமானால், தண்ணீர் அதிகமானால், கையும் தானாகவே அதிகம் எடுக்கிறது. நான் ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்தது ஒரு விகிதம்.

பாட்டியிடம் சொன்னேன். "நூற்றுக்கு ஒன்றா? அப்போ கணக்கில் நான் தேறிவிட்டேன்" என்றார்.

மார்ச் 2

இங்கே ஒருவர், "இதையெல்லாம் பொழுதுபோக்கு என்கிறீர்களே, வீட்டு வேலைக்கு நல்ல பெயர் வைப்பதுதானே இது?" என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது, கடைசியில் பாட்டியிடமே கேட்டேன். அவர் பிரித்துச் சொன்னார். எட்டுப் பேருக்குச் சமைத்த காலத்தில் அது வேலை. இப்போது இரண்டு பேருக்கு, நினைத்தபோது, நினைத்ததைச் சமைப்பது ஆசை. செடி எப்போதுமே ஆசைதான், யாரும் செய்யச் சொன்னதில்லை. கதை சொல்வது? "அது ரெண்டும் இல்லை. சொல்லாவிட்டால் மறந்துபோகும், அதுக்காகச் சொல்கிறேன்."

அப்புறம், பாட்டிமார் செய்கிற வேலையை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது என்பதற்கு இதையும் சொல்கிறேன். கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளர் தான்சானியாவில், வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களுடன் தங்கி ஆய்வு செய்தவர். அங்கே மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுப்பதில் வயதான பெண்கள் சளைக்காதவர்கள். தாய் கைக்குழந்தையோடு இருக்கும்போது, பால் மறந்த மூத்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு பாட்டி கொண்டுவருவதாக இருந்தது. மனிதப் பெண்கள் பிள்ளை பெறும் வயது தாண்டியும் நெடுங்காலம் வாழ்வதற்கே இந்த உதவி ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1990-களில் அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் கிழங்கு தோண்டியது உண்மை.

மார்ச் 17

செடிகள்.

பாட்டியின் பெரிய ஆர்வம் விதை எடுத்து வைப்பது. செடி வளர்க்கிறவர்கள் நிறையப் பேர், விதை எடுக்கிறவர்கள் குறைவு. தக்காளி பழுக்கத் தொடங்கியதும் ஒரு செடியில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். "இதைப் பறிக்காதே" என்று அர்த்தம். பெரிய பழம் எந்தச் செடியில் இருக்கிறது என்று பார்த்துக் கட்டுவதாக நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் பழத்தைப் பார்ப்பதில்லை, செடியைப் பார்க்கிறார். இலை சுருளாதது, சீக்கிரம் காய்த்தது, கடைசி வரை காய்க்கிறது. ஒற்றைப் பெரிய பழம் எந்தச் செடியிலும் வரலாம்.

நன்றாகக் கனிந்த பழத்தை அறுத்து, விதையை அந்த வழுவழுப்போடு ஒரு கிண்ணத்தில் வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுவார். மேலே ஆடை படரும், வாடையும் வரும், வரட்டும். விதையைச் சுற்றியிருக்கும் அந்தக் கூழ்ப்பைதான் பழத்துக்குள்ளேயே முளைவிடாமல் தடுப்பது. புளித்தால் அது கரைந்துவிடும். பிறகு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். காகிதத்தில் பரப்பி நிழலில் காயவைப்பார். விதை காகிதத்தில் ஒட்டிக்கொள்ளுமே என்றேன். "ஒட்டட்டும், காகிதத்தைக் கிழித்து அப்படியே மண்ணில் வைக்கலாம்" என்றார். அதே காகித ஓரத்தில் தேதியும் எழுதிவிடுகிறார். விதையும் சீட்டும் ஒன்றாகவே இருக்கின்றன, தொலைய வழியில்லை.

பீன்ஸுக்கு நகச் சோதனை. காய்ந்த விதையில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். தடம் விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி காயட்டும்.

கடையில் பாக்கெட்டில் வாங்கும் ஒட்டுரக (இரு வகைகளைக் கலந்து உருவாக்கிய) விதையிலிருந்து வந்த பழத்தின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று புளிப்பு. பாட்டிக்கு இது அனுபவத்தில் தெரியும். கிரெகர் மெண்டல் என்ற துறவி 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை ஆயிரக்கணக்கில் வளர்த்து எண்ணிப் பார்த்து, 1866-இல் அச்சிட்டது இந்தக் கணக்கைத்தான். விதை எடுப்பதாக இருந்தால் ஒட்டுரகம் அல்லாததை வாங்குங்கள். தக்காளி, பீன்ஸ், பட்டாணி மூன்றும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை, புதியவர்களுக்கு எளிது. பூசணி வேண்டாம். பக்கத்தில் வேறு பூசணி இருந்தால் தேனீ கலந்துவிடும், காயின் ருசி கெட்டுவிடும்.

மார்ச் 19

மேலே கடைசி வரியில் பிழை. பக்கத்துப் பூசணியின் மகரந்தம் கலந்தாலும் இந்த வருடத்துக் காயின் சதை மாறாது. சதை தாய்ச்செடியுடையது. மாற்றம் உள்ளே இருக்கும் விதையில்தான். அதை விதைத்து வரும் அடுத்த செடியின் காயில்தான் தெரியும். நான் அவசரத்தில் எழுதிவிட்டேன்.

இது வெறும் ருசி விஷயம் இல்லை என்பதால் இன்னும் ஒன்று. அழகுக்கு வளர்க்கும் கசப்புப் பூசணி வகைகளோடு கலந்த விதையிலிருந்து வரும் காய் கடும் கசப்பாக இருக்கலாம். அந்தக் கசப்பு நஞ்சு. சமைத்தாலும் போகாது. பாட்டி சொந்த விதையில் வந்த பூசணியை நறுக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போட்டுவிடுவார். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று இவ்வளவு நாள் நான் கேட்டதே இல்லை. இயல்பிலேயே கசக்கும் பாகற்காய் வேறு கதை, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் 6

குடும்பக் கதைக்கு வருகிறேன். வரிசை பிடிக்க ஒரு பழைய முறை இருக்கிறது, எனக்கு நன்றாக உதவியது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மிகாயேல் ஐட்ஸிங்கர் 1590-இல் வெளியிட்ட நூலில் காட்டிய எண் முறை. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அவருடைய அம்மா. அப்பாவின் பெற்றோர் 4, 5. அம்மாவின் பெற்றோர் 6, 7. பெயர் தெரியாவிட்டாலும் இடம் தயாராக இருக்கும், எங்கே ஓட்டை என்று பார்த்தவுடன் தெரியும்.

என் பாட்டி 7. அவருடைய அம்மா 15, என் கொள்ளுப்பாட்டி. அவருடைய அம்மா 31, எள்ளுப்பாட்டி.

31 காலி. 30-இல், அதாவது அவருடைய கணவர் இடத்தில், பெயர் இருக்கிறது. வேலை இருக்கிறது, எப்போது இறந்தார் என்பதுகூட இருக்கிறது. 31-க்குப் பெயரே இல்லை. பாட்டி அந்த அம்மாளின் மடியில் வளர்ந்தவர். பின்னல் போட்டுவிட்டது நினைவிருக்கிறது, கைவிரல் ஒன்று வளைந்திருந்தது நினைவிருக்கிறது. பெயர் தெரியாது. "பாட்டியைப் பாட்டி என்றுதானே கூப்பிட்டோம். பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள்?" என்றார்.

உடனே உங்கள் பாட்டியிடம் அவருடைய பாட்டியின் பெயரைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏப்ரல் 8

அந்த எண் முறையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அதில் நேர் முன்னோருக்கு மட்டும்தான் எண். அக்கா, தம்பி, பிள்ளை இல்லாத சித்தப்பா, கூடவே வளர்ந்த பக்கத்து வீட்டுப் பெண், யாருக்கும் எண் கிடையாது. ஆனால் பாட்டி சொல்லும் கதைகளில் முக்கால்வாசி இவர்களைப் பற்றித்தான். படிப்பை நிறுத்திய அக்காவுக்கு எண் இல்லை. அதனால் நோட்டில் வலப்பக்கம் எண், இடப்பக்கம் எண்ணில்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டேன். இடப்பக்கம்தான் வேகமாக நிரம்புகிறது.

மே 12

உறவுப் பெயர்களில் ஜாக்கிரதை. அம்மாவின் அக்காவும் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவியும் பெரியம்மா. அம்மாவின் அண்ணன் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா. பாட்டி "எங்க மாமா" என்று சொன்ன ஒருவரை ஒரு மாதம் தப்பான கிளையில் வைத்திருந்தேன். இப்போதெல்லாம் வழியை எழுதுகிறேன்: "பாட்டியின் அப்பாவின் தங்கையின் கணவர்". நீளம்தான், ஆனால் யார் படித்தாலும் ஒரே ஆள்தான் கிடைப்பார்.

எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் நிறைய வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வயதானவர்களுக்கு ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். என் பதிவுகளிலும் அப்படித்தான். நாற்பது வயதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றால் "உங்க அம்மாவை வளர்த்துக்கொண்டிருந்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

ஜூன் 3

புகைப்படங்களின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். முன்பக்கம் தடம் விழும், மையும் நாளாக நாளாக ஊறும். மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்துவிடுங்கள். அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். வராததை இழுக்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்து அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

(ஒருவர் திருத்தியது சரி: பிளாஸ்டிக் பூச்சு உள்ள பிற்காலப் படங்களின் பின்புறம் பென்சில் பிடிக்காது. அவற்றைக் காகித உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். எழுதிய பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.)

ஜூன் 20

ஒரு வருத்தத்தை எழுத வேண்டும்.

தராசு யோசனையைப் பலர் பாராட்டியிருந்தீர்கள். அதன் பிறகு நான் எல்லாவற்றுக்கும் தராசு வைத்தேன். எண்ணெய்க்கு, தண்ணீருக்கு, மிளகுக்கு. போன வாரம் கவனித்தேன், பாட்டி சமைக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டார். வாய்க்குள் முணுமுணுப்பாக எப்போதும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பதிவுகளைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிப்ரவரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இல்லை. கரண்டியை எடுக்கும் முன் என்னைப் பார்க்கிறார், "எழுதிக்கிட்டியா?" என்கிறார். அவருடைய ஆசையாக இருந்ததை என்னுடைய வேலையாக ஆக்கிவிட்டேன்.

தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மிளகு எவ்வளவு என்று தெரியாமலே போகட்டும். கேள்வி கேட்டவருக்கு: பத்து நாளுக்கு ஒரு நாள் அளந்தால் போதும். மற்ற நாள் கூட நின்று சமையுங்கள்.

ஜூலை 14

முணுமுணுப்பு திரும்பி வந்துவிட்டது. இன்று காலை, துணி காயப்போடும்போது.

ஆகஸ்ட் 9

"என் பாட்டிக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது, இனிமேல் கேட்டு என்ன பயன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் மனம் கனத்துப்போனது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சொல்லும் நினைவும் செய்யும் நினைவும் ஒன்றல்ல. ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953-இல் நடந்த மூளை அறுவைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனது. கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே வரையச் சொல்லி உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். ஒவ்வொரு நாளும் "இதை நான் செய்ததே இல்லை" என்ற நிலையில்தான் அவர் இருந்தார். ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. 1962-இல் மில்னர் இதை வெளியிட்டார்.

அந்த ஒரு நோயாளியின் கதை எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் பெயரும் தேதியும் நழுவத் தொடங்கியவர்களிடமும் பழகிய கைவேலை பெரும்பாலும் கூடுதல் காலம் தங்கியிருக்கிறது. கேள்வி கேட்காதீர்கள். மாவையோ விதையையோ கையில் கொடுத்துவிட்டு வீடியோ எடுங்கள். முகத்தை விட்டுவிட்டு, கையை மட்டும்.

செப்டம்பர் 1

விதைகள் பற்றி மறுபடியும். 1941-இல் ஜெர்மன் படை ரஷ்யாவின் லெனின்கிராடு நகரை முற்றுகையிடத் தொடங்கியபோது, அங்கே தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவின் விதை நிலையத்தில் டன் கணக்கில் தானியமும் கிழங்கும் இருந்தன. அவற்றைக் காத்துக்கொண்டிருந்த ஊழியர்களில் பலர் பசியாலேயே செத்தார்கள், விதையைத் தொடவில்லை. வவிலோவ் அப்போது சிறையில் இருந்தார், 1943-இல் அங்கேயே இறந்தார். இதைப் பீன்ஸ் காயவைக்கும்போது பாட்டியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கையால் விதையைப் பரப்பிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை எல்லா விதையையும் இரண்டாகப் பிரித்து, பாதியைக் காகிதப் பொட்டலங்களாக்கி என் கையில் கொடுத்தார். "ஒரே வீட்டில் இருக்க வேண்டாம், உன் வீட்டிலும் இருக்கட்டும்." நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த விதைக் காப்பகமும் இதைத்தான் செய்கிறது, உலகத்து விதை வங்கிகளின் இரண்டாம் பிரதியை உறைபனிக்குள் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறது. என்னிடம் இருப்பது மூடி இறுகிய கண்ணாடிக் குப்பியும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டும். நன்றாகக் காய்ந்த தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். வெங்காய விதையை நம்பாதீர்கள், ஓரிரு வருடம்தான்.

அன்றைக்கே குரல் பதிவுகளையும் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று அண்ணன் வீட்டில். ஏழு மாதம் எல்லாம் ஒரே கைபேசியில் இருந்திருக்கிறது. நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

அக்டோபர் 19

31.

மறுபடியும் பீன்ஸ்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டி ஒரு காயை உரித்து, உள்ளே விதை சூம்பியிருப்பதைப் பார்த்து, "இதைப் பார்த்தால் திட்டுவா" என்றார். யார் என்றேன். "எங்க பாட்டிதான். ஆனா அவளே சூம்பின விதையை நல்லதோடு சேர்த்துவிட்டால் தாத்தா வாசலில் நின்றே கேட்பார், 'ஏய் இன்னாரே, கண் தெரியலையா?' என்று." அங்கே இன்னாரே என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் ஒரு பெயரைச் சொன்னார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. அடுத்த காயை எடுத்துவிட்டார். நான் கைவேலையை நிறுத்தியதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார்.

"பாட்டி, பெயர் சொன்னீர்கள்."

"என்ன பெயர்?"

பதிவைப் போட்டுக் காட்டினேன். அவருடைய தாத்தாவின் தொனியில், அவருடைய குரலில். இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை போடச் சொன்னார்.

அக்டோபர் 22

பாட்டியின் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னோம். அது கூப்பிடும் பெயர்தான், உண்மைப் பெயர் வேறு என்கிறார், அதையும் சொன்னார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அவ சின்னவ, அவளுக்கு என்ன தெரியும்?" அந்தச் சின்னவருக்கு 76. முக்கால் மணி நேரம் இருவரும் பேசினார்கள். பெயரில் தொடங்கி, வளைந்த விரல் வலக்கையா இடக்கையா என்பது வரை போனது. எல்லாம் பதிவில் இருக்கிறது.

31-க்கு நேரே இரண்டு பெயரையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன், எந்தப் பெயரை யார் சொன்னார் என்றும். தங்கை பாட்டி அடுத்த வாரம் நேரில் வருகிறார். உரிக்காமல் ஒரு கூடை பீன்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம்.